லிஃப்ட் மாறனுக்கு எந்தச் சீட்டு?

அம்மா வீட்டுக் கழிப்பறைகளை இடித்துப் புதிதாகக் கட்டித்தரப் போவதாக வீவகவிலிருந்து, அதாவது சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திலிருந்து, கடிதம் வந்தது. பத்து நாள் வேலையாம். அதற்காக அங் மோ கியோவுக்குப் போய் ஸ்டோர் ரூமைக் காலி செய்ய உட்கார்ந்தேன். ஸ்டோர் ரூம் என்றால் தெரியும்தானே, அம்மாக்கள் எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கும் இடம். தையல் நூல், செத்த பேட்டரி, யாருடையது என்றே தெரியாத மூக்குக்கண்ணாடி, நான்கு ரைஸ் குக்கர் மூடி (குக்கர் ஒன்றுகூட இல்லை), இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பயிற்சிப் புத்தகம். அட்டையில் 'கணிதம், உயர்நிலை 2' என்று என் கையெழுத்து. உள்ளே கணக்கு எதுவும் இல்லை. பக்கத்துக்கு ஒரு சூப்பர்ஹீரோ.

அது 2000-ஆம் ஆண்டு. எனக்குப் பதினான்கு வயது. அந்த வருடம் கணக்கில் எவ்வளவு வாங்கினேன் என்பது இங்கே தேவையில்லாத விஷயம். பாறை பாண்டியன், பூனைக் கமலா, இடியன் இளங்கோ, காதுக் கனகா, தே தாரே தாவூத், லிஃப்ட் மாறன், அப்புறம் வில்லன்கள் கியூ ராஜனும் எலும்பனும், இன்னும் சில பேர். எல்லாருக்கும் முதுகில் ஒரு துணி தொங்குகிறது. துணி இல்லாமல் பறக்க முடியாது என்று அப்போது நம்பியிருக்கிறேன்.

அக்கா மகன் அன்றைக்கு அங்கேதான் இருந்தான். தொடக்கநிலை ஆறு, தேர்வு வருடம், படிக்கச் சொன்னால் தவிர மற்ற எல்லா வேலையும் செய்வான். புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டிவிட்டு, "சித்தி, எல்லாருக்கும் பவர் எழுதியிருக்கீங்க, ஆனா இவங்க எல்லாம் யாரு?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். பவர் இருக்கிறது, ஆள் இல்லை. பதினான்கு வயதில் அது குறையாகவே தெரியவில்லை.

என் ஆபீஸில் பக்கத்து மேசைத் தோழி மதிய நேரத்தில் டாரோ சீட்டு பார்ப்பாள். காசு வாங்க மாட்டாள், ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் போதும். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்துப் பார், யார் என்று அதுவே சொல்லும்" என்று சொல்லி ஒரு கட்டைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

டாரோ பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டுகள், பேரும் படமும் உள்ளவை, 0 முதல் 21 வரை. மீதி 56 சின்னச் சீட்டுகள், கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை, வகைக்கு 14. இது எகிப்து ரகசியம் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம் இது, 18-ஆம் நூற்றாண்டில்தான் இதை வைத்துக் குறி சொல்வது பெரிதாகப் பரவியது. நம்ம ரம்மிக் கட்டுக்கு முந்நூறு வருடம் கழித்து யாரோ தெய்வாம்சம் கண்டுபிடித்த மாதிரி. அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. தேக்காவில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டிலாவது முருகன் இருப்பார், இது என்ன எலும்புக்கூடு, விளக்கு வைக்கிற நேரத்தில் இதை மேசையில் பரப்பாதே என்று சொல்லிவிட்டார்.

அதனால் விளக்கு வைத்து முடிந்தபின் பரப்பினேன். முதல் ராத்திரி அரை மணி நேரத்தில் எல்லாரையும் பொருத்திவிட்டேன். 'பலம்' என்ற சீட்டு பாறை பாண்டியனுக்கு. 'கோபுரம்' சீட்டில் மின்னல் அடிக்கிறது, ஆகவே இடியன் இளங்கோவுக்கு. 'மரணம்' எலும்பனுக்கு, சீட்டிலும் எலும்புக்கூடு, இவனும் எலும்புக்கூடு. போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். அவள் சிரிப்பு முகமாக எட்டு பத்து அனுப்பிவிட்டு, நீ பெயரையும் படத்தையும் மட்டும் பார்த்து வைத்திருக்கிறாய், படத்தில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார், அப்புறம் அதே சீட்டு தலைகீழாக விழுந்தால் என்ன அர்த்தம் என்று பார் என்றாள்.

அந்தத் தலைகீழ் விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு சீட்டு நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் அதே குணம் அளவு மீறிப் போனது, அல்லது அடைபட்டுப் போனது. சூப்பர்ஹீரோவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒருத்தனால் என்ன முடியும் என்பதைச் சீட்டு சொல்வதில்லை, அவன் எந்த இடத்தில் சறுக்குவான் என்பதைச் சொல்கிறது. கதை அங்கிருந்துதான் தொடங்கும்.

சரி, பாண்டியனிலிருந்து வருவோம். 'பலம்' சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பயில்வான் கிடையாது. வெள்ளை உடை போட்ட ஒரு பெண், தலையில் பூ, ஒரு சிங்கத்தின் தாடையில் இரண்டு கையையும் வைத்திருக்கிறாள், நாம் வீட்டுப் பூனைக்கு மாத்திரை கொடுக்கும்போது பிடிப்போமே அப்படி. சிங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு அவள் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. கையில் ஆயுதம் இல்லை, முகத்தில் கோபம் இல்லை. இது எப்படிப் பாண்டியன் ஆகும்? அவன் என் புத்தகத்தில் பஸ்ஸைத் தூக்கி வீசுகிறான், காரணமே இல்லாமல்.

பூனைக் கமலாவின் பக்கத்தைத் திருப்பினேன். எங்கள் புளோக்கில் அப்போது ஓர் ஆன்ட்டி ராத்திரி பதினொரு மணிக்குமேல் ஒரு நீலப் பையோடு இறங்கி, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தின் தூண்களுக்கு நடுவே தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பார். அவரைப் பார்த்து வரைந்தவள்தான் கமலா. அப்போது வீவக வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது, சட்டம் அப்படி, 2024 செப்டம்பரில்தான் வீட்டுக்கு இரண்டு பூனை என்று அனுமதித்தார்கள். ஆகவே புளோக்கில் பாதிப் பேர் ஒளித்து வளர்த்தார்கள், மீதிப் பேர் புகார் கொடுத்தார்கள், நடுவில் இந்த ஆன்ட்டி யாரிடமும் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசாமல் இரண்டு தரப்பையும் சமாளித்தார். அதைவிடப் பலம் என்ன இருக்கிறது? இன்னொன்று, இந்த ஊருக்கே சிங்கம் என்று பெயர், சங் நீல உத்தமன் என்ற பழங்கால இளவரசர் சிங்கத்தைப் பார்த்ததாகக் கதை, ஆனால் இங்கே சிங்கம் வாழ்ந்ததே இல்லை, பார்த்திருந்தால் புலியாகத்தான் இருக்கும் என்கிறார்கள். சிங்கம் இல்லாத சிங்கப்பூரில் சிங்கத்தை அடக்கும் சீட்டு பூனைக்காரிக்குப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. தலைகீழாக விழுந்தால்? தன்மேல் நம்பிக்கை போய்விடும். கமலா ஒரு நாள் புகார்க் கடிதத்துக்குப் பயந்து கீழே இறங்காமல் இருந்துவிடுகிறாள், பூனைகள் தூணடியில் காத்திருக்கின்றன. அந்த ஒரு ராத்திரி போதும் ஒரு முழுக் கதைக்கு.

அடுத்தது தாவூத் பாய். இவரை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினான்கு வயதில் நான் இவருக்குக் கொடுத்த பவர், கொதிக்கும் தே தாரேயை, அதாவது இழுத்து ஆற்றும் பால்தேநீரை, திருடர்கள் முகத்தில் ஊற்றுவது. அவ்வளவுதான். மனிதர் மேல் கேஸ் போட்டு உள்ளே தள்ளியிருப்பார்கள்.

'மிதம்' என்றொரு சீட்டு, எண் 14. ஆங்கிலத்தில் Temperance, அகராதியில் அந்தச் சொல்லுக்கு மதுவிலக்கு என்றுகூடப் போட்டிருக்கும், அதை நம்பி நான் முதலில் குடிகாரர்களைத் திருத்தும் ஹீரோ யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிறகு வைத்த ஒரு தேவதை, ஒரு கால் தரையில், ஒரு கால் தண்ணீரில், கையில் இரண்டு கோப்பை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதையோ சாய்வாக ஊற்றிக்கொண்டே இருக்கிறது. இது தே தாரே போடுகிறது! சிங்கப்பூரில் வளர்ந்த யாருக்கும் வேறெதுவும் தோன்றாது.

தே தாரே போடுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? கறுப்புச் சாயத்தில் டின்பால் கனமாக அடியில் போய் உட்கார்ந்திருக்கும். முதல் இழுப்பில் எதுவும் கலக்காது. வலது கை மேலே போகப் போக இடது கை கீழே இறங்கும், நடுவில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பழுப்புக் கயிறு மாதிரி தேநீர் நிற்கும், ஒரு சொட்டு வெளியே போகாது. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில்தான் நிறம் ஒன்றாகும், நுரை ஏறும், நாக்குச் சுடாத சூட்டுக்கு வரும். சூடு ஆறுவதும் பால் கலப்பதும் ஒரே செயலில் நடக்கிறது. அதுதான் புது தாவூத்தின் பவர்: சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவே நின்று, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, சூடு ஆறும்வரை இழுத்துக்கொண்டே இருப்பார். தலைகீழாக விழுந்தால் அளவு தெரியாமல் போய்விடும். எல்லாரோடும் ஒத்துப்போய் ஒத்துப்போய்க் கடைசியில் அவருக்கென்று ஒரு கருத்தே இல்லாமல், ஆறிப்போன, சீனி இல்லாத, யாருக்கும் வேண்டாத தேநீராக நிற்பார்.

தண்ணீர் ஊற்றுகிற சீட்டு என்றதும் அக்கா மகன் உற்சாகமாகிவிட்டான். இந்த ஊருக்குத் தண்ணீர் வரும் வழிகளை, நான்கு தேசியக் குழாய் என்று பள்ளியில் படித்திருக்கிறான்: மழைநீர், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வாங்கும் நீர், நியூவாட்டர் என்கிற மறுசுழற்சி நீர், கடல்நீரைச் சுத்திகரித்தது. குழாய்க்கு ஒரு ஹீரோ, நான்கு பேர் கொண்ட அணி, கோப்பை வகைச் சீட்டுகளில் போடலாம் என்றான். "ஆனா சித்தி, ஜொகூர்காரருக்கு மட்டும் 2061-ல பவர் முடிஞ்சிடும், அக்ரிமென்ட் அப்படி." அந்த ஒரு வரியில் என் மொத்தப் புத்தகத்தையும்விடக் கதை இருந்தது. பொறாமையாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கோபுரத்துக்கு வருகிறேன். எண் 16, கட்டிலேயே எல்லாரும் பயப்படும் சீட்டு. உயரமான கல் கோபுரம், மின்னல் அடித்து உச்சியிலிருந்த கிரீடம் சரிகிறது, ஜன்னலில் தீ, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். வருடத்தில் சராசரியாக 160 நாளுக்குமேல் இடி இடிக்கிற ஊரில் இருந்துகொண்டு நான் இதை இளங்கோவுக்குக் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தோழி சொன்ன பொருள் வேறு. மின்னல் ஒரு சாக்குதான், கோபுரம் ஆரம்பத்திலேயே தப்பாகக் கட்டப்பட்டது, என்றைக்கிருந்தாலும் விழ வேண்டியது என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஓவன் ரோடு சேரும் இடம் வந்தால் அப்பா தவறாமல் கையைக் காட்டுவார். 1986 மார்ச் 15, நான் பிறந்த வருடம், அங்கே இருந்த ஹோட்டல் நியூ வோர்ல்ட், ஆறு மாடிக் கட்டடம், ஒரு நிமிடத்துக்குள் மொத்தமாகத் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். இடி இல்லை, மின்னல் இல்லை, குண்டும் இல்லை. விசாரணையில் தெரிந்தது இதுதான்: வடிவமைத்தபோது உள்ளே வரும் ஆட்கள், சாமான்களின் எடையைக் கணக்குப் போட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கட்டி நின்ற நாளிலிருந்தே அது தன்னைத் தாங்க முடியாமல் நின்றிருக்கிறது. கோபுரம் சீட்டுக்கு இதைவிடச் சரியான விளக்கம் எந்த டாரோ புத்தகத்திலும் கிடைக்காது.

ஆகவே சீட்டு காதுக் கனகாவுக்குப் போனது. பாவம், தேர்வு மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரி முணுமுணுக்கும் விடையைக் கேட்பதற்காக நான் உண்டாக்கியவள் (ஏன் என்று மறுபடி கேட்காதீர்கள்). இப்போது அவள் காதில் விழுவது சுவருக்குள் இருக்கும் எடை. தூண் முனகுவது, தளம் பல்லைக் கடிப்பது. குடும்பங்களிலும் கேட்கும். கல்யாண வீட்டில் எல்லாரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது இவளுக்கு மட்டும் விரிசல் சத்தம் கேட்கும். தலைகீழாக விழுந்தால், கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவாள், விழ வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாள்.

இன்னொரு விஷயம், 16-க்கு அடுத்த சீட்டு 17, 'நட்சத்திரம்'. இடிந்ததற்கு அப்புறம் வரும் அமைதி. அந்த 1986 இடிபாட்டில் எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, அடியில் குடைந்து போய் ஆட்களை வெளியே எடுத்தார்கள். அப்பா அதைச் சொல்லும்போதுதான் குரல் மாறும். நட்சத்திரம் சீட்டுக்கு நான் யாரையும் புதிதாக உருவாக்கப் போவதில்லை. முகத்தில் மண்ணோடு சுரங்கத்தில் தவழ்ந்து போகிற ஒருத்தரை வரைந்து வைத்திருக்கிறேன், முதுகில் துணி கிடையாது, மாட்டிக்கொள்ளும்.

கியூ ராஜனுக்கு நேரே 'பிசாசு', எண் 15, இதில் யோசிக்கவே வேண்டாம். 2000 ஜனவரியில் பர்கரோடு கொடுத்த பூனைப் பொம்மைக்காக இந்த ஊரே ராத்திரியெல்லாம் வரிசையில் நின்று அடித்துக்கொண்டதே, அந்தச் சூட்டோடு வரைந்த வில்லன் அவன். அவன் யாரையும் மிரட்ட மாட்டான். மூடியிருக்கிற ஒரு கவுண்டர் முன்னால் போய்ச் சும்மா நிற்பான், பத்து நிமிடத்தில் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். பிசாசு சீட்டிலும் அடியில் இரண்டு பேர் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிறார்கள், உற்றுப் பார்த்தால் சங்கிலி தொளதொளவென்று இருக்கும், தலைவழியாகக் கழற்றிவிடலாம். யாரும் கழற்றுவதில்லை. எங்கே நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தை இங்கே கியாசு என்பார்கள், அந்தச் சொல்லுக்குப் படம் போடச் சொன்னால் நான் இதைத்தான் போடுவேன். "நீங்க நின்னீங்களா சித்தி?" என்றான் பயல். நான் நிற்கவில்லை, அப்பாவை நிற்க வைத்தேன்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'பேரரசர்' எங்கள் பள்ளி ஒழுங்குமுறை ஆசிரியரைப் போல இருந்த ஒரு கதாபாத்திரத்துக்கு, விளக்கம் தேவையில்லை. 'ரதம்' பஸ் ஓட்டுநர் பவானிக்கு, ஏனென்றால் அந்த ரதத்துக்குக் கடிவாளமே இல்லை, மன உறுதியில்தான் ஓடுகிறது, காலை ஏழரை மணிக்கு உட்லண்ட்ஸ் பக்கம் பஸ் ஓட்டுவதும் அப்படித்தான். 0-ஆம் எண் சீட்டை முட்டாள் என்று மொழிபெயர்க்க மனம் வரவில்லை, சிவனையே பித்தன் என்று கூப்பிட்ட மொழியில் 'பித்தன்' இருக்கும்போது முட்டாள் எதற்கு? அதை அக்கா மகனுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், அவன் உருவாக்குவான். பாறை பாண்டியனுக்கு ஒன்றும் அமையவில்லை. பத்துக் கோல்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் குனிந்து நடக்கிற ஒருத்தன் சின்னச் சீட்டுகளில் இருக்கிறான், தற்காலிகமாக அங்கே போட்டிருக்கிறேன். பயல் தன் பள்ளிப் பையைக் காட்டி அது நான்தான் என்கிறான்.

அந்தச் சின்னச் சீட்டில்கூட ஒரு முழுக் காட்சி இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் பத்துக் கோல் என்றால் பத்துக் கோலை மட்டும் வரைந்திருப்பார்கள். ஆள் வைத்து, முகம் வைத்து, வானம் வைத்து 78-ஐயும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். லண்டனில் 1909-இல் வெளிவந்தது. எப்படி வரைய வேண்டும் என்று சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட், வெளியிட்டவர் ரைடர், அதனால் கட்டுக்கு ரைடர்-வெய்ட் என்று பேர் வந்து நிலைத்துவிட்டது. வரைந்தவள் பேர் எங்கே? ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பாம்பு சுருண்ட மாதிரி ஒரு சின்னக் கையெழுத்தாக. பெரிய வேலை, காசு ரொம்பக் குறைவு என்று அவரே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1951-இல் கடனோடு இறந்தார். அமெரிக்காவில் முதல் பெரிய சூப்பர்ஹீரோவான சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்களும் 1938-இல் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு விற்றார்கள். சீட்டானாலும் ஹீரோவானாலும் வரைந்தவர்கள் கதை ஒன்றுதான் போலிருக்கிறது. சமீபகாலமாகக் கட்டின் பேரோடு ஸ்மித் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள், நூறு வருடத்துக்கு அப்புறம்.

கடைசியாக லிஃப்ட் மாறன். வேண்டுமென்றேதான் இவரைக் கடைசியில் வைத்தேன்.

இந்தத் தலைமுறைக்குத் தெரியாது, பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் 1, 5, 9. எங்கள் வீடு ஏழாவது மாடி. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்கலாம். அரிசி மூட்டை இருந்தால் ஒன்பது என்பது அம்மாவின் சட்டம். அப்பத்தாவுக்கு முட்டிவலி, ஏறவும் முடியாது, இறங்கினால் அதைவிட மோசம். வெள்ளிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தால் ஐந்தில் இறங்கி, ஆறாவது மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்துவிடுவார். மடியில் கைப்பை, அதற்குள் துளசி, பொட்டலத்தில் புளியோதரை. பள்ளிவிட்டு வரும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், புளியோதரை வீடு போய்ச் சேராது. லிஃப்ட் மாறன் அவருக்காக வந்தவர். எந்த மாடியில் நிற்க வேண்டும் என்றாலும் நிறுத்துவார். அவ்வளவுதான் பவர். பறக்கக்கூட மாட்டார், ஆனாலும் முதுகில் துணி உண்டு.

முதலில் இவருக்கு நான் கொடுத்தது 12, 'தொங்கும் மனிதன்'. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி. இத்தாலியில் துரோகிகளை இப்படித் தலைகீழாக வரைந்து அவமானப்படுத்துவார்களாம், ஆனால் இந்தச் சீட்டில் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம், முகத்தில் நிம்மதி. விரும்பித் தொங்குகிறான். மாறனுக்குப் பொருந்துகிற மாதிரியும் இருந்தது, பொருந்தாத மாதிரியும் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பயல் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எல்லா லிஃப்டும் எல்லா மாடியிலயும்தானே நிக்கும்?"

எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்க வைக்கும் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்குக்கு வந்தது அப்பத்தா போய்ச் சில வருடம் கழித்து. அவனுக்கு ஏழாவது மாடி என்றால் 7-ஐ அழுத்துவது, அவ்வளவுதான். விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "சரி, அப்ப இவருக்கு இனிமே என்ன வேலை?"

பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வேலையும் இல்லை. எதற்காக வந்தாரோ அந்தப் பிரச்சினையே தீர்ந்துவிட்டது, அவரால் இல்லை, ஒரு அரசாங்கத் திட்டத்தால், டெண்டர் விட்டு, கான்கிரீட் கூண்டு கட்டி.

எலும்பனிடமிருந்து 13-ஆம் சீட்டைப் பிடுங்கினேன். 'மரணம்'. பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் இந்தச் சீட்டுக்குப் பேரே எழுத மாட்டார்கள், எண் மட்டும்தான். கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. ராஜா கீழே கிடக்கிறார், பாதிரியார் கைகூப்புகிறார், ஒரு சின்னக் குழந்தை மட்டும் பயப்படாமல் நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் இரண்டு தூணுக்கு நடுவே சூரியன். யாரோ சாகப் போகிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஒன்று முடிந்துவிட்டது, முடிந்ததாக விடு என்றுதான் படிப்பார்கள். தலைகீழாக விழுந்தால், முடிந்துபோனதை முடியவிடாமல் பிடித்துத் தொங்குவது.

தலைகீழ் மாறனைச் சொன்னதும் பயல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். புது லிஃப்ட் வந்த பிறகு மாறனை யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு மாதம் பொறுத்தார். ஒரு ராத்திரி கதவிடுக்கில் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைச் செருகினார். அடுத்த ராத்திரி ஒரு கம்பியைப் பிடுங்கினார். காலையில் லிஃப்ட் 1, 5, 9-இல் மட்டும் நிற்கிறது. மக்கள் மறுபடி மாறனைத் தேடுகிறார்கள். அவருக்குச் சந்தோஷம். ஆறாவது மாடித் திருப்பத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார், மடியில் கைப்பை. மாறன் மேல்படியில் நின்று பார்க்கிறார்.

"அப்ப அவர் வில்லனா?"

"தெரியலடா. நீ சொல்லு."

இருபத்தைந்து வருடமாக ஒரு பவரும் ஒரு துணியும் மட்டுமாக இருந்தவர் அப்போதுதான் ஆளானார். எனக்குத் தொண்டை அடைத்தது, பயலுக்குத் தெரியக் கூடாது என்று சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

போன வாரம் கழிப்பறை வேலை தொடங்கியது. லிஃப்டுக்குள் பலகை அடித்துத் தளஓடும் சிமெண்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள், நானும் அவனும் படியேறினோம். ஆறாவது மாடித் திருப்பத்தில் நின்று "இங்கயா?" என்றான். இன்னும் ஒரு படி மேலே என்று காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்துவிட்டான். தாண்டிப்போன தொழிலாளர்கள் சிரித்துக்கொண்டே வழி விட்டுப் போனார்கள்.

சாயங்காலம் படத்தைக் காட்டினான். ஏழாவது மாடியில் லிஃப்ட் திறந்திருக்கிறது. மாறன் துணியைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருக்கிறார். வெள்ளைக் குதிரை பாதி உள்ளே, பாதி வெளியே, பின்பக்கம் அடங்கவில்லை. எலும்புக்கூடு இறங்கி நின்று குதிரையை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது, கதவு மூடாமலிருக்க மாறன் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, விளக்கு வைக்கிற நேரம், அந்த எலும்புக்கூட்டை எடுத்து உள்ளே வை என்றார். அப்புறம் கிட்ட வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "குதிரைய ஒன்பதாவது மாடியில இறக்கிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார்.